"கோர்ட்டுப் பக்கம் போகாதே" என்பவர்களுக்கு

எம்.எஸ்.டபிள்யூ. முதலாண்டு முடியும் தறுவாயில் மாணவர்கள் சிறப்புப் பாடம் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எச்.ஆர். என்று எழுதினால் கம்பெனி வேலை. மருத்துவச் சமூகப்பணி என்றால் ஆஸ்பத்திரி. இரண்டையும் வீட்டில் யாரும் தடுப்பதில்லை. ஒரு பெண் "குற்றவியலும் சீர்திருத்தப் பணியும்" என்று எழுதிவிட்டால் மட்டும், மறுநாள் காலையில் அவளுடைய அப்பா துறைக்கே வந்து நிற்பார். "ஜெயிலும் கோர்ட்டும் நம்ம பிள்ளைக்கு எதுக்கு மேடம்? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

பல ஆண்டுகளாக இதே பேச்சைக் கேட்டு வருகிறேன். அப்பாக்கள் மட்டுமல்ல, உறவினர்கள், சீனியர்கள், சில ஆசிரியர்கள்கூட இதைத்தான் சொல்கிறார்கள். பிள்ளைமேல் உள்ள அக்கறையில் சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் அவர்கள் அடுக்கும் காரணங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல நினைக்கிறேன். அவற்றில் ஒன்றை நானும் ஒப்புக்கொள்கிறேன். மற்றவை நிற்காது.

முதல் காரணம் எப்போதும் இதுதான்: "தப்புப் பண்ணவனுக்கு உதவி செய்யவா படிக்க வச்சோம்? பாதிக்கப்பட்டவங்களுக்கு அது துரோகம் இல்லையா?"

கேட்பவர்கள் மனத்தில் நடுவே ஒரு கோடு இருக்கிறது. இந்தப் பக்கம் பாதிக்கப்பட்டவர்கள், அந்தப் பக்கம் குற்றவாளிகள். களத்தில் அந்தக் கோடு பல நேரம் ஒரே வீட்டுக் கூடத்தின் நடுவில் ஓடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர்தான்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்தவர். ஒரு சிறுமியின் வழக்கில் கைதானவர் அவள் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை கொடுத்துவந்தவர் அவர். அடுத்த மாதம் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். பாட்டி, "குடும்ப மானம் போகுது, கேஸை வாபஸ் வாங்கு" என்று அம்மாவை நெருக்குவாள். பள்ளியில் விஷயம் கசிந்திருக்கும். இங்கே பாதிக்கப்பட்டவரின் குடும்பம் எது, குற்றவாளியின் குடும்பம் எது? இரண்டும் ஒன்றே.

அந்த வீட்டுக்குள் போகிறவர்தான், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வரும் வழக்கின் ஆதரவு நபர். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு அவரை நியமிக்கிறது. ஆதரவு நபர் தேவையா என்பதைப் பெற்றோரின் முடிவுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அவர் செய்யும் வேலை கண்ணீரைத் துடைப்பதோடு முடிவதில்லை. எஃப்.ஐ.ஆர். நகலை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். இடைக்கால இழப்பீட்டுக்கு மனு போட வேண்டும். பள்ளி மாற வேண்டுமானால் டி.சி.க்கு நடக்க வேண்டும். சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே அந்த அறையைக் குழந்தைக்குக் காட்ட வேண்டும். "அவர் உன் கண்ணில் படமாட்டார். வக்கீல் உன்னை நேராகக் கேட்கமாட்டார், நீதிபதி வழியாகத்தான் கேட்பார்" என்று அவளுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். போக்சோ சட்டத்தின் 33, 36ஆம் பிரிவுகள் தரும் பாதுகாப்பு இது. யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் அந்தக் குழந்தைக்கு அது இல்லாததற்குச் சமம்.

இனி மறுபக்கம். குற்றவாளிகளுக்குச் சலுகை தருவதாகப் பலரும் நினைக்கும் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தை எடுங்கள். அதன் 5ஆம் பிரிவு, நன்னடத்தையின் பேரில் சிறைக்குப் போகாமல் விடுவிக்கப்படுகிறவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. அந்தப் பணத்தைக் கட்ட உதவுவதும், கட்டுவதற்கு ஒரு வேலை தேடிக் கொடுப்பதும் நன்னடத்தை அலுவலரின் கடமை என்கிறது 14ஆம் பிரிவு. கைதிகளின் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கச் சட்டம் செய்யலாம் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் பரிந்துரைத்தது. குற்றம் செய்தவனை நிமிர்த்தாமல் நஷ்டத்தை யாரிடமிருந்து ஈடுகட்டுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் "பாதிக்கப்பட்டவர்" என்பதற்கு விளக்கமே 2009 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தில்தான் சேர்ந்தது. அதுவரை அவர் வெறும் சாட்சி. அவருக்காக முன்கூட்டியே குரல் கொடுத்தவர்கள் யார்? 1992இல் இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் சங்கம் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையில்தான் பிறந்தது. காலமெல்லாம் குற்றவாளிகளைப் பற்றிப் படித்தவர்கள்தான், மறக்கப்பட்ட மற்றவரைப் பற்றியும் கேட்டார்கள். துரோகம் என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது: "அவனுங்க திருந்த மாட்டானுங்க. வீண் வேலை."

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ 5.73 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் குற்றவாளியா இல்லையா என்பதே இன்னும் முடிவாகவில்லை. திருந்துவதைப் பற்றிப் பேச அங்கே என்ன இருக்கிறது? ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. மனுப் போட்டுப் பார்க்க ஒரு ஆள்கூட வராதவர்கள் உண்டு. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளாகியும் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை சொல்கிறது. அவருடைய குடும்ப நிலையை, வருமானத்தை விசாரித்து அறிக்கை தர நன்னடத்தை அலுவலரின் உதவியைப் பெறலாம் என்றும் அதில் இருக்கிறது. அந்த அறிக்கைக்காக ஊருக்குப் போய், அவர் வீட்டைத் தேடிப் பிடித்து, அண்ணனிடமோ பழைய முதலாளியிடமோ பேசுகிறவர் ஒருவர் வேண்டும். அவர் போகாத ஒவ்வொரு வாரமும் உள்ளே இருப்பவருக்கு இன்னும் ஏழு நாள் சிறை.

நன்னடத்தைப் பணியின் தொடக்கமே ஜாமீன்தான். பாஸ்டன் நகரத்துச் செருப்புத் தொழிலாளி ஜான் அகஸ்டஸ், 1841இல் கோர்ட்டில் நின்ற ஒரு குடிகாரருக்குத் தானே முன்வந்து ஜாமீன் கொடுத்தார். மூன்று வாரத்தில் அந்த மனிதர் தெளிந்து திரும்பி வந்தார். 1859இல் இறக்கும்வரை அகஸ்டஸ் 1,946 பேருக்குப் பொறுப்பேற்றார். ஒவ்வொருவருக்கும் இருக்க இடமும் செய்ய வேலையும் தேடிக் கொடுத்தார். திருந்துவது அவரவர் மனசாட்சியின் காரியம் என்று சும்மா இருந்துவிடவில்லை. சிறையிலிருந்து வெளியே வருகிறவரிடம் இன்று கேட்டாலும் பட்டியல் அதேதான்: ஒரு முகவரி, ஒரு அடையாள அட்டை, சேர்த்துக்கொள்ளும் ஒரு பட்டறை.

சிறுவர்கள் விஷயத்தில் இந்த அவநம்பிக்கை இன்னும் தவறு. இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் 1920இல் இந்தச் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. குழந்தையை ஜெயிலுக்கு அனுப்பாதே என்பது நமக்கு நூறு வருடத்துக்கும் மேலான வழக்கம். இன்று ஒரு சிறுவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தினால், 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூகப் புலனாய்வு அறிக்கை தர வேண்டும். அவன் எந்த வகுப்பில் படிப்பை விட்டான், ஏன் விட்டான், வீட்டில் யார் குடிக்கிறார்கள், பைக்கை எடுக்கச் சொன்ன அண்ணன் யார். அந்தச் சில பக்கங்களை எழுதுகிறவர் வீட்டுக்குப் போகாமல் மேசையிலேயே நிரப்பிவிட்டால் அவன் வாழ்க்கை ஒரு பக்கம் சாயும். போய்ப் பார்த்து எழுதினால் வேறு பக்கம்.

"பொம்பளைப் பிள்ளைக்கு ஆபத்து" என்பதற்குச் சுருக்கமாகவே பதில். ஜெயிலுக்குள் நேர்காணல் சிறைக் காவலர்களின் கண்காணிப்பில் நடக்கிறது. உண்மையான நெருக்கடி வேறு இடத்திலிருந்து வருகிறது. கோர்ட் வளாகத்து மரத்தடியில், "பேசி முடிச்சிக்கலாம்மா" என்று வந்து நிற்கும் உள்ளூர்ப் பெரிய மனிதரிடமிருந்து. அதற்குத் தனியே போகாமல் இருப்பது, வந்து பேசியவரின் பெயரை அன்றே எழுதி வைப்பது, மேலதிகாரிக்குச் சொல்வது என்று பழக்கங்கள் இருக்கின்றன. அவற்றைக் கற்றுத்தர முடியும், கற்றுத்தருகிறோம்.

மனசு கெட்டுப்போகும் என்கிறார்களே, அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரு குழந்தை சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்க முடியாத நாள் வரும். எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அதற்கு இந்தத் தொழிலுக்குள்ளேயே வழி இருக்கிறது: வாரம் ஒருமுறை மூத்தவரோடு உட்கார்ந்து கேஸ்களைப் பேசுவது. அது நடக்காத இடங்களில்தான் பிள்ளைகள் உடைகிறார்கள். இதோடு சேர்த்து எதிர்த் திசையிலிருந்து வரும் ஒரு பேச்சையும் மறுக்க வேண்டியிருக்கிறது. "இந்த வேலைக்கு இரக்க குணம் போதும்" என்கிறார்கள். போதவே போதாது. இரக்கப்பட்டு, "நீ ஜெயிக்கிறது உறுதிம்மா" என்று ஒரு தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டு, தீர்ப்பு நாளில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்ற மாணவியைத் தெரியும். நல்ல பெண். அவளுக்குக் குறைந்தது பயிற்சி. எதைச் சொல்லக் கூடாது, குழந்தையிடம் எந்தக் கேள்வியைக் கேட்டால் சாட்சியம் கெடும், எந்த மனு எந்த மேசைக்குப் போகும்: இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தை.

கடைசியாகச் சம்பளம். அப்பாக்கள் சொல்வதில் நான் ஒப்புக்கொள்வது இதைத்தான். ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் பெரும்பாலும் ஒப்பந்த நியமனம்தான். அதே படிப்பை முடித்து எச்.ஆர். போன தோழி இரண்டு வருடத்தில் முந்திவிடுவாள். இதை மறைத்து ஒரு பிள்ளையைக்கூட இந்தப் பாடத்தில் சேர்க்க நான் தயாரில்லை. ஆனால் குழந்தையின் சாட்சியத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஆளை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் வைத்திருப்பது அரசின் தவறு. அதற்கு அந்தப் பெண்ணின் விருப்பத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. நிரந்தரப் பணி கேட்டு மனுக் கொடுப்பவர்கள் பக்கம் அந்த அப்பாவும் வந்து நிற்கட்டும், நானும் நிற்கிறேன்.

சேரலாமா என்று இன்னும் தயங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பாடத்தை எழுதிக் கொடுக்கும் முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக விண்ணப்பித்துப் பாருங்கள். வழி கேட்டு நிற்கும் ஒரு தாயோடு அந்த வளாகத்தில் ஒரு நாள் முழுக்க நடந்து பாருங்கள். மாலையில் பஸ் ஏறும்போது, அவளுடைய அடுத்த வாய்தா தேதி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் பேசலாம். அப்பாவையும் அழைத்து வாருங்கள், நான் துறையில்தான் இருப்பேன்.