எண்ணெய்த் தூக்குக்கு விடை கொடுப்போம்!

"காற்றில் மீன் பொரிக்கிறார்களாம்! அடுத்துத் தண்ணீரில் அடுப்பு எரிப்பார்கள் போலிருக்கிறது!"

எங்கள் பார்சல் ஆபீசில் ஒரு நண்பர் இப்படிச் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதே வாரத்தில் ஏர் பிரையர் என்ற அந்தப் பெட்டியை மாதத் தவணையில் வாங்கி, சயான் கோலிவாடாவில் உள்ள என் வீட்டுக்குத் தூக்கிச் சென்றவனும் நான்தான்.

காரணம் என் தந்தை. நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி இந்த மும்பைக்கு வந்தவர். தாராவியில் தோல் பட்டறையில் உழைத்து எங்களை ஆளாக்கியவர். ஆறு நாள் உழைப்புக்கு அவர் கேட்ட ஒரே கூலி, ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டில் நாலு துண்டு பொரித்த மீன். சென்ற ஆண்டு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். "பொரித்ததை நிறுத்துங்கள்" என்றார் டாக்டர். மாத்திரையை அப்பா ஏற்றுக்கொண்டார். காலை நடையை ஏற்றுக்கொண்டார். மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை மட்டும் ஏற்கவில்லை. குழம்பு மீனைத் தொடாமல், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று என் மனைவி அடுக்களைப் பலகையில் இருந்த எண்ணெய்த் தூக்கைக் காட்டி, "மாமா உடம்பைக் கெடுத்தது மீன் இல்லைங்க, இதுதான்" என்றாள். அது சரியா, தவறா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சொல் என்னைச் சுட்டது.

தூக்கின் கதை

அந்தத் தூக்கு இல்லாத தமிழர் வீடு இந்த நகரத்தில் எத்தனை? மீன் பொரிக்க அரை லிட்டர் எண்ணெய் ஊற்றுகிறோம். மிஞ்சியதை வடிகட்டித் தூக்கில் வைக்கிறோம். புதன்கிழமை அதிலேயே அப்பளம். வெள்ளிக்கிழமை அதிலேயே வடை. அடுத்த ஞாயிறு அதிலேயே மறுபடியும் மீன். எண்ணெய் தேன் நிறத்திலிருந்து காப்பி நிறத்துக்குப் போகும்வரை அதை விடுவதில்லை.

இதற்காக இல்லத்தரசிகளைக் குறை சொல்ல மாட்டேன். நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. 2022-ல் உக்ரைனில் போர் மூண்டது. இந்தோனேசியா சில வாரங்கள் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. தாராவிச் சந்தில் எண்ணெய் பாக்கெட்டின் விலை ஏறியது. அப்படிப்பட்ட பொருளை எந்தத் தாய்க்குச் சாக்கடையில் ஊற்ற மனம் வரும்?

ஆனால் எண்ணெய்க்கும் ஆயுள் உண்டு. காய்ச்சக் காய்ச்ச அது சிதைகிறது. மீனிலிருந்து உதிர்ந்த மாவும் தூளும் அதிலேயே கருகி, அந்தச் சிதைவை விரைவாக்குகின்றன. கெட்டுப்போன எண்ணெயை அளந்து கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. அந்த அளவு 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதி செய்தது. 2018 ஜூலை 1 முதல் அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. ஓட்டல்காரரை அதிகாரி கேட்கலாம். நம் வீட்டுத் தூக்கை யார் கேட்பது? நாமே கேட்டால்தான் உண்டு.

எண்ணெயே வேண்டாமா?

ஏர் பிரையர் விளம்பரங்கள் "எண்ணெயே இல்லாமல் மொறுமொறு" என்று சொல்கின்றன. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒரு கதை சொல்கிறேன். பொம்பில் மீனுக்கு ஆங்கிலத்தில் 'பாம்பே டக்' என்று பெயர். டாக் என்றால் தபால். காய்ந்த பொம்பில் தபால் ரயிலில் நாற்றத்தோடு போனதால், 'பாம்பே டாக்' என்பது 'பாம்பே டக்' ஆகிவிட்டது என்பார்கள். எங்கள் ஆபீசிலேயே இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் போரிபந்தரிலிருந்து தானாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16-ல். அந்தப் பெயரோ அதற்கு முன்பே அச்சான ஆங்கிலப் புத்தகங்களில் இருக்கிறது! ரயிலே இல்லாத காலத்தில் ரயில் எப்படிப் பெயர் வைக்கும்? கேட்க இனிப்பதெல்லாம் உண்மையாகிவிடாது. "எண்ணெயே இல்லாமல்" என்பதும் இந்த வகைக் கதைதான்.

உண்மை என்ன? 2010-ல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தப் பெட்டியில் மாயமந்திரம் ஏதும் இல்லை. மேலே ஒரு சூட்டுக் கம்பிச் சுருள். அதற்கு மேல் ஒரு விசிறி. கீழே ஓட்டை போட்ட கூடை. சுட்ட காற்றைக் கூடையைச் சுற்றி வேகமாக ஓட்டுகிறது. அவ்வளவுதான். பேக்கரி அடுப்பின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீனின் மேல் உள்ள ஈரம் போகாதவரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் போய், சுமார் 140 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் பொன்னிறமும் மணமும் வரும். வாணலியில் எண்ணெய் மீனைச் சுற்றி அணைத்துக்கொண்டு சூட்டை உடனே கொடுத்துவிடும். காற்றுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. ஆகவே மேல்தூளில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சாவது வேண்டும். இல்லாவிட்டால் தூள் வெளுத்துப்போய், வாயில் மணல் போல நறநறக்கும்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். விளம்பரத்தை நம்பி, முதல் ஞாயிறு சொட்டு எண்ணெய் விடாமல் போட்டோம். அப்பா ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "ஏலே, இது மீனா, மரத்தூளா?" என்றார். மூன்றாவது ஞாயிறுதான் கை வந்தது.

கை வந்த வழி

கால் கிலோ இறாலை ஓடு நீக்கி, முதுகு நரம்பை எடுத்துக் கழுவி, துணியில் ஒற்றி எடுங்கள். ஈரம்தான் மொறுமொறுப்பின் எதிரி. உப்பு, மஞ்சள், மிளகாய்த் தூள், இஞ்சி பூண்டு விழுது, சில சொட்டு எலுமிச்சை சேர்த்துக் கால் மணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் எலுமிச்சையில் ஊறினால் இறால் விறைத்துவிடும்.

மேல்தூளுக்குக் கடைக்கு ஓட வேண்டாம். நேற்று மிஞ்சிய பாவ் இரண்டைக் காயவைத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, இளம் பொன்னிறம் வரும்வரை வாணலியில் வறுத்து ஆறவிடுங்கள். நிறத்தையும் எண்ணெய்ப் பூச்சையும் முன்கூட்டியே தூளுக்குக் கொடுத்துவிடுவதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

பிறகு மூன்று தட்டு. முதல் தட்டில் அரிசி மாவு. மிச்ச ஈரத்தை அது உறிஞ்சும். இரண்டாவதில் அடித்த முட்டை; அது பசை. மூன்றாவதில் பாவ் தூள். இறாலை இந்த வரிசையில் புரட்டி, தூளை உள்ளங்கையால் அழுத்தி, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். அவசரப்பட்டால் சட்டை கழன்றுவிடும்.

பெட்டியை 190 டிகிரியில் நாலு நிமிடம் சுடவிட்டு, கூடையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, இறாலை ஒரே வரிசையாக இடைவெளி விட்டு அடுக்குங்கள். விரார் லோக்கலில் ஆள் ஏறுவது போல அடைத்தால் காற்றுக்கு வழியிருக்காது. இறால் வேகும், மொறுகாது. நாலு நிமிடம் கழித்துத் திருப்பிப் போட்டு, மேலும் நாலு நிமிடம். இறால் அரை வட்டமாக வளைந்தால் பதம். முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர். தூளைக் கருக விடவும் கூடாது. மாவுப் பண்டம் கருகும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாவதை 2002-லேயே சுவீடன் விஞ்ஞானிகள் எடுத்துச் சொல்லிவிட்டார்கள்.

மொத்தச் செலவு மூன்று தேக்கரண்டி எண்ணெய். தூக்கில் ஊற்ற ஒரு சொட்டும் மிஞ்சாது.

பொம்பிலுக்கு வேறு வழி. அதன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். ஸ்டேஷன் வாசலில் எனக்கு மீன் தரும் கோலி அம்மாள் சொல்லிக் கொடுத்தது இது: "அண்ணா, பிளந்து நடுமுள்ளை எடு. உப்புப் போட்டுப் பலகைக்கு அடியில் வைத்து, மேலே கல்லை ஏற்று." அரை மணியில் தண்ணீர் இறங்கிவிடும். பிறகு மசாலா தடவி, ரவையும் அரிசி மாவும் கலந்து புரட்டி, இரு பக்கமும் எண்ணெய் தொட்டுத் தடவி வைத்தால் கால் மணியில் மொறுமொறுப்பாகிவிடும். பாவ் தூள் வருவதற்கு முன்பே இந்தக் கடற்கரை ரவையை அறிந்திருந்தது. பெட்டி புதிது, கைப்பக்குவம் பழையது.

குறைகளும் உண்டு

நல்லதைச் சொன்னவன் குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தின் பெயரையே தாங்கி நிற்கும் இறால் கோலிவாடா இந்தப் பெட்டியில் வராது. 1947 பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்து இங்கே குடியேறிய பஞ்சாபியர் கைப்பக்குவம் அது. கடலை மாவைக் கரைத்துத் தோய்க்க வேண்டும். கூழ் மாவு கூடை ஓட்டை வழியே வடிந்துவிடும். பஜ்ஜியும் அப்படியே. ஆசைப்பட்டால், எண்ணெயை நாள்தோறும் மாற்றும் நல்ல கடையாகப் பார்த்து எப்போதாவது சாப்பிடுங்கள்.

இரண்டாவது, பெட்டி சிறியது. ஏழு பேர் உள்ள வீட்டில் நாலு தடவை போட வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். பெட்டி 1,400 வாட் என்றால் ஒரு தடவைக்கு அரை யூனிட்டும் ஆகாது. ஆனால் அது இழுப்பது 6 ஆம்பியருக்கு மேல். பழைய சால் வீடுகளில் ஒரே சிறிய பிளக்கில் டி.வி., மிக்சி, இஸ்திரிப் பெட்டி என்று தொங்கவிடுகிறோம். அதில் இதையும் மாட்டாதீர்கள். 16 ஆம்பியர் பவர் பிளக் இல்லாவிட்டால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பெட்டியைப் பிறகு வாங்கலாம்.

நான்காவது, இது மருந்து அல்ல. எண்ணெய் குறைந்துவிட்டது என்று தினமும் தின்றால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. அன்றாடத்துக்குக் குழம்பு மீனுக்கு ஈடில்லை. எங்கள் டாக்டரிடம் செய்முறையைச் சொல்லிக் கேட்டோம். "உப்பைக் குறைத்து, வாரம் ஒரு நாள், அளவோடு" என்றார். அதற்குமேல் ஒரு துண்டும் வைப்பதில்லை.

வாங்க வசதி இல்லாதவர்களுக்கு என் பதில்: பெட்டி கட்டாயமில்லை. தோசைக்கல்லில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு ரவை மீனை வாட்டி எடுங்கள். பெட்டியை விட முக்கியம், தூக்கை ஒழிப்பது.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

பத்துக்குப் பன்னிரண்டு அறையில், மே மாதப் புழுக்கத்தில், தெறிக்கும் எண்ணெய் முன்னால் நின்று நம் வீட்டுப் பெண்கள் மீன் பொரித்திருக்கிறார்கள். என் தாயின் முன்கையில் அந்தத் தழும்புகள் இன்றும் இருக்கின்றன. நாம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு "இன்னும் ஆகலையா?" என்று கேட்டிருக்கிறோம். "எனக்குப் பொரிக்கத் தெரியாது, கை சுட்டுவிடும்" என்ற சாக்கு இனிச் செல்லாது. குமிழைத் திருப்பவும், நாலு நிமிடம் கழித்துத் திருப்பிப் போடவும் தெரியாத ஆண்பிள்ளை உண்டா? எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் இப்போது என் பொறுப்பு. ஆபீஸ் நண்பர் இதற்கும் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இந்த நகரத்துக்கு வந்த நம் முன்னோர் சிக்கனத்தால் பிழைத்தார்கள். அந்தச் சிக்கனம் போற்றத்தக்கது. ஆனால் நூறு ரூபாய் எண்ணெயைக் காப்பாற்ற நெஞ்சைப் பணயம் வைப்பது சிக்கனமாகுமா?

இன்று மாலை வீட்டுக்குப் போனதும், தூக்கைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். அடி தெரியாத அளவுக்குக் கறுத்திருந்தால் இனி அதில் சமைக்காதீர்கள். சாக்கடையில் ஊற்றி அடைப்பை உண்டாக்காமல், பழைய காகிதத்திலோ மரத்தூளிலோ ஊறவைத்துக் குப்பையில் சேருங்கள். பிறகு தூக்கைச் சாம்பல் போட்டு நன்றாகத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள்.

எங்கள் வீட்டுத் தூக்கில் இப்போது அரிசி மாவு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீனுக்கு அதிலிருந்துதான் எடுக்கிறோம்.