வெறும் போர்டுதானே என்று விடலாமா? கடைகளுக்குச் சட்டம் சொல்வது என்ன?

மாலின் வாசலில் சாய்தளம் இருக்கிறது, உள்ளே லிஃப்டும் இருக்கிறது. ஆனால் இது எத்தனையாவது மாடி, கழிவறை எந்தப் பக்கம், தீப்பிடித்தால் வெளியேறும் வழி எங்கே? பார்வையற்ற ஒருவர் இதையெல்லாம் யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. டோக்கன் எண்ணைக் கூவி மட்டும் அழைக்கும் கவுன்ட்டரில் காது கேளாதவருக்கும் இதே நிலைதான்.

இதெல்லாம் அரசு அலுவலகத்துக்கு மட்டும்தானே?

இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 'பொதுக் கட்டடம்' என்பதில் மக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் சேர்த்திருக்கிறது. கடை, மருத்துவமனை, தியேட்டர் எல்லாமே இதில் அடங்கும். பழைய கட்டடங்களைச் சரிசெய்ய, 2017 ஜூனில் விதிகள் வந்ததிலிருந்து 5 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அது 2022-லேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை.

அப்புறம் ஏன் எதுவும் மாறவில்லை?

விதிகள் வெறும் பரிந்துரைபோல இருந்ததும் ஒரு காரணம். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டியது. விதி 15(1) சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

ஒரு பிரெய்ல் போர்டு மாட்டினால் போதுமா?

போதாது, எங்கே மாட்டுகிறோம் என்பது முக்கியம். கதவிலேயே ஒட்டிவிட்டால், தடவிப் படிக்கும்போது உள்ளிருந்து யாராவது திறக்க, கதவு முகத்தில் இடிக்கும். அதனால்தான் அமெரிக்க விதிகள் கைப்பிடிப் பக்கச் சுவரில், தரையிலிருந்து 48 முதல் 60 அங்குல உயரத்துக்குள் வைக்கச் சொல்கின்றன. இடம் எப்போதும் ஒன்றாக இருந்தால் கை தானாக அங்கே போகும்.

பார்வைக் குறைபாடு உள்ள எல்லாருக்கும் பிரெய்ல் தெரியாது. அவர்களுக்குப் புடைப்பெழுத்து வேண்டும், பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும் நிறம் வேண்டும், வெளிச்சம் பட்டுக் கண் கூசாத பலகை வேண்டும். இதே போர்டு மூக்குக்கண்ணாடியை மறந்து வந்த தாத்தாவுக்கும் உதவும். தெளிவான படக்குறி இருந்தால் தமிழ் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளிக்கும் வழி புரியும்.

என்ன செய்யலாம்?

அணுகல் விதிகளைப் பின்பற்றாத புதிய கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் தரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. பழைய கட்டடங்களுக்கு அப்படி ஒரு கடிவாளம் இல்லை. கடை உரிமத்தைப் புதுப்பிக்கும்போதே இதையும் சரிபார்க்க வேண்டும். லிஃப்ட் வைக்கப் பல லட்சம் ஆகும். போர்டுக்கு அவ்வளவு ஆகாது. பட்ஜெட் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.