வெள்ளம் புகுந்த வீடும், வாடகை வீடும்

 

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நெல்லை, தூத்துக்குடி மாவட்ட மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அவ்வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைக் காட்டிலும் அது அதிகம். மஸ்ஜித்களிலும் மதரஸாக்களிலும் மக்கள் தஞ்சம் புகுந்தனர். அல்ஹம்துலில்லாஹ், உணவுக்கும் உடைக்கும் உதவிக்கரங்கள் நீண்டன. ஆனால் நீர் வடிந்த பின் வருகின்ற துன்பம் ஒன்று உண்டு. சுவர் வெடித்து, தரை உள்வாங்கிய வீட்டைச் செப்பனிட்டு முடிக்கும் வரை குடும்பம் எங்கே தங்குவது?

அவ்வெள்ளத்தில் வீடு சேதமுற்ற ஒரு சகோதரியின் அனுபவத்தை, அவருடைய அனுமதி பெற்றே இங்கு எழுதுகின்றேன். வெள்ளம் வந்தபோது அவர் கணவரை இழந்து இத்தாவில் இருந்தார். இத்தா இருக்கும் பெண் தன் இல்லத்தைவிட்டு வெளியேறலாகாது என்பது சட்டம். வீடு இடிந்து விழும் என்ற அச்சம் ஏற்பட்டால் வேறிடம் செல்லலாம் என்பதும் ஃபிக்ஹு நூல்கள் தரும் சலுகையே. அச்சலுகையின்படி தம் சகோதரர் இல்லம் சென்றார். இரண்டே அறைகள், பதினோரு பேர். அவர்களுள் அந்நிய ஆண்களும் இருந்தனர். பத்து நாட்கள் அறையின் மூலையில் முடங்கிக் கிடந்தவர், பின்னர் கைவளையலை விற்று, மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் வாடகையில் சிறு வீடு ஒன்றை ஐந்து மாதங்களுக்கு எடுத்தார்.

வாசகர்களே! "உறவினர் வீடுகள் இருக்கும்போது வாடகை வீடு எதற்கு?" என்று நம்மில் சிலர் எளிதாகக் கேட்டுவிடுகின்றோம். பர்தாவைப் பேணும் குடும்பத்துக்குத் தனி வாசல் ஆடம்பரம் அன்று, அத்தியாவசியம்.

இனி, நடந்ததைக் கேளுங்கள். வீடு செப்பனிடப்பட்டுக் குடியேறிய பின், பத்திரத்தைத் தேடி அலமாரியைத் திறந்தவரின் கையில் மறைந்த கணவர் எடுத்து வைத்திருந்த வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி கிடைத்தது. வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு என்று அதில் இருந்தது. அதற்குச் சில பக்கங்கள் தள்ளி, வீடு வாழத் தகுதியற்றுப் போகும் காலத்துக்கு மாற்று வீட்டின் வாடகையும் உண்டு என்று அச்சிடப்பட்டிருந்தது!

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசியை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. புயல், வெள்ளம் ஆகியவற்றோடு தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்தோ நிரம்பி வழிந்தோ ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். ஆண்டுக்கணக்கில் சுவரில் ஊறும் ஓதம் அடங்காது. அதற்கு முந்தைய தீ விபத்துப் பாலிசிகளில் மாற்று வீட்டு வாடகை என்பது தனியே பிரீமியம் செலுத்திச் சேர்க்க வேண்டியதாக இருந்தது. இப்பாலிசியிலோ அது உள்ளடங்கியே வருகின்றது. சொந்த வீட்டில் வசித்தவருக்கு மாற்று வீட்டின் வாடகை தரப்படும். வாடகைக்குக் குடியிருந்து பாலிசி எடுத்தவருக்குக் கூடுதலாகும் தொகை மட்டுமே. முன்பு எட்டாயிரம் கொடுத்தவர் இப்போது பதினோராயிரம் கொடுக்கிறார் எனில், மூவாயிரம். செப்பனிடுவதற்கு நியாயமாகத் தேவைப்படும் காலத்துக்குத்தான் இது. உச்ச வரம்பு மூன்று ஆண்டுகள். பாலிசி பேசுவது வாடகையைப் பற்றி. ஓட்டல் சாப்பாடும் போக்குவரத்தும் அதில் சேரும் என்று நாமாகக் கருதிக்கொள்ளக் கூடாது.

நம் சகோதரிக்கு வாடகைப் பணம் கிடைக்கவில்லை. வீடு வாழத் தகுதியற்றது என்று கட்டடக் கலைஞரோ உள்ளாட்சி அலுவலகமோ அளிக்கும் சான்றிதழ் வேண்டும். சேதம் கண்முன் இருந்த வேளையில் அதை அவர் வாங்கவில்லை. பாலிசி இருப்பதே தெரியாதவர் எவ்வாறு வாங்குவார்? வாடகைக்கு ரசீதும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. மகன் கைப்பேசியில் எடுத்திருந்த படங்களைக் கொண்டு கட்டடச் சேதத்துக்கு மட்டும் ஒரு தொகை கிடைத்தது. அதுவும் பாலிசி அவர் பெயரிலேயே இருந்ததால்தான். நம் கடற்கரையூர்கள் பலவற்றில் வீடு பெண்மக்களுக்கே சொந்தமாகின்றது. ஆனால் மின் இணைப்பு தகப்பனார் பெயரில், பாலிசியோ வளைகுடாவில் இருக்கும் மருமகன் பெயரில்! வீட்டின் உரிமையாளர் எவரோ அவர் பெயரில்தான் பாலிசி இருக்க வேண்டும்.

ஆகவே நீர் வடிந்தவுடன் துடைப்பத்தை எடுக்குமுன், சுவரில் நீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். சான்றிதழைப் பெற்ற பிறகே வெள்ளையடிப்பைப் பற்றிப் பேசுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுதி, தொகையை வங்கி வழியே செலுத்துங்கள். நிறுவனம் மறுத்தால், சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தில் கட்டணமின்றி முறையிட வழியுண்டு.

"மார்க்கம் இதை அனுமதிக்கின்றதா?" என்ற கேள்வி உங்கள் உள்ளத்தில் எழுந்திருக்கும். எழத்தான் வேண்டும். ஜித்தாவில் 1985இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வணிகக் காப்பீட்டை ஹராம் எனத் தீர்மானித்து, கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாகக் காட்டியது. சிரியாவின் பேரறிஞர் முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்றோர் வணிகக் காப்பீடும் ஆகுமென்றே கருதினர். தேவையின் நெருக்கடியைக் கருதி இடமளிப்போரும், செலுத்திய பிரீமியத்தின் அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்வோரும் நம் நாட்டு உலமாக்களில் உள்ளனர். தக்காஃபுல் முறை நம் நாட்டில் இல்லாத குறை இங்கேதான் உறைக்கின்றது. நான் மதரஸாவில் பாடம் சொல்பவன். ஃபத்வா வழங்கும் முஃப்தி அல்லன். புதிதாகப் பாலிசி எடுக்க எண்ணுவோர் நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேட்டுத் தெளிக. ஏற்கெனவே பாலிசி வைத்திருப்போர் அதில் என்ன எழுதியிருக்கின்றது என்று அறியாதிருப்பதில் மட்டும் எந்தப் பேணுதலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லாத ஒன்றும் உண்டு. "மாமா வீட்டிலேயே தங்கிக்கொள், மாதம் பத்தாயிரம் வாடகை என்று ரசீது எழுதி வாங்கிக் கொடுத்துவிடு" என்று யோசனை சொல்லும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றார்கள். கொடுக்காத வாடகைக்கு ரசீது என்பது பொய்ச் சாட்சியம், அத்தொகை ஹராம். எழுதிக் கொடுக்கும் மாமாவுக்கும் அதில் பங்குண்டு. அதே மாமா தம் மாடியை உண்மையாகவே வாடகைக்கு விட்டு, மாதந்தோறும் பணம் பெற்று ரசீது தந்தால் அது வேறு; அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அந்தச் சகோதரியின் வீட்டுக்குச் சென்ற மாதம் என் மனைவி போய் வந்தார். பாலிசியின் எண்ணையும், முடிவுறும் நாளையும், தகவல் தெரிவிக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, அடுக்களை அலமாரியின் உட்கதவில் வெள்ளம் எட்டாத உயரத்தில் ஒட்டியிருக்கின்றாராம். பாலிசியின் நகல் ஒன்று வெளியூரில் இருக்கும் மகளிடம் இருக்கின்றது.