தகரக் கூரைக்குக் கீழே வகுப்பறை

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுத்தார்கள். எடுத்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த இடத்தில் வெறும் தகரத்தைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சில பள்ளிகள் இருக்கின்றனவே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

கீற்றுக்குக் கீழே ஏன் குளுமை? ஓலைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்றுதான் காரணம். காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. இரும்பு அதைவிட சுமார் 2,000 மடங்கு கடத்தும். தகடோ அரை மில்லிமீட்டர் கனம். மேல்பக்கச் சூடு கீழ்ப்பக்கம் வர ஒரு நொடிகூட ஆகாது. அப்புறம் தகடே அடுப்பு மாதிரி பிள்ளைகள் தலைமேல் அனலை வீசும். மின்விசிறி போட்டால் வெக்கைதான் இறங்கும். இதற்குக் கீழே உட்கார்ந்துதான் ‘உலோகங்கள் நற்கடத்திகள்’ என்று மனப்பாடம் செய்கிறார்கள்!

தகரத்துக்கு ஒரு முழம் கீழே தீப்பிடிக்காத பலகையில் உட்கூரை, நடுவில் காற்று போய்வர இரு பக்கமும் திறப்பு, தகரத்தின் மேல் வெள்ளைப் பூச்சு. இவ்வளவு போதும். சிலர் தெர்மாகோல் ஒட்டுகிறார்கள். சூட்டைத் தடுக்கும்தான், தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். கீற்றை எதற்காக எடுத்தோம்?

பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்து, கூரையைப் பற்றியும் கேளுங்கள்.