முதலில் கூரை, பிறகு ஏர்கூலர்

ஆரணித் தறிகளில் பாவு நூல் அறாமல் ஓடவேண்டுமானால், அதற்கான கவனம் புழு வளர்ப்பு மனையிலேயே தொடங்கவேண்டும். சந்தவாசல் போன்ற ஜவ்வாது மலையடிவார ஊர்களில் மல்பெரி பயிரிட்டு வெண்பட்டு வளர்க்க முன்வரும் விவசாயிக்குச் சித்திரை, வைகாசி வெயில்தான் பெரிய சோதனை. மஞ்சள் கூடு தரும் கலப்பினப் புழு தாங்கும் வெப்பத்தை வெண்பட்டுப் புழு தாங்குவதில்லை.

ஒரு ஏர்கூலரை வாங்கி வைத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். இது தவறு. இளம்புழுக்களுக்கு 27 முதல் 28 டிகிரி சென்டிகிரேட் வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். ஐந்தாம் பருவப் புழுவுக்கோ 24 டிகிரியை ஒட்டிய வெப்பமும் 70 சதவீதத்துக்கு மிகாத ஈரப்பதமும் ஏற்றவை. மொத்தத் தழையில் ஐந்தில் நான்கு பங்கை இப்பருவத்திலேயே புழு தின்கிறது. தழையின் நீரும் எச்சத்தின் ஈரமும் மனைக்குள்ளேயே சேருகின்றன. அதோடு ஏர்கூலரின் ஈரமும் சேர்ந்து, காற்று வெளியேற வழியில்லாமல் போனால், சுண்ணாம்புக்கட்டி நோய்க்கு நாமே இடம் கொடுத்ததாகும்.

சென்னையை அடுத்த சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் உள்ள கணினித் தரவு மையங்களுக்கும் இதே தொல்லை உண்டு. அங்கே இயந்திரங்கள் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அதனால் குளிர்ந்த காற்று ஒரு பக்கம் நுழையவும், சூடான காற்று மறுபக்கம் வெளியேறவும், இரண்டும் கலந்துவிடாதபடி தடுப்பு அமைக்கிறார்கள். புழு மனைக்கும் இம்முறையே பொருந்தும். ஏர்கூலர் ஒரு சுவரில் இருந்தால், எதிர்ச்சுவரின் மேற்பகுதியில் காற்றை வெளியேற்றும் விசிறி இருக்கவேண்டும். திறப்புகளுக்கு ஊசி ஈ வலை மறவாமல் வேண்டும்.

ஒன்றில் சந்தவாசல் விவசாயி சென்னையைவிடக் கொடுத்து வைத்தவர். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் காற்று உலர்ந்திருந்தால்தான் நீர் நன்கு ஆவியாகும். கடலோரத்தில் 34 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை ஈரத்தட்டியால் 30 டிகிரிக்குக் கீழே கொண்டுவருவது கடினம். உள்நாட்டில் 38 டிகிரி வெப்பமும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள கோடைப் பகலில் அதே தட்டி 28 டிகிரி வரை இறக்கிவிடும். ஆனால் அப்போது ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிவிடும். முதிர்புழுவுக்கு அதுவே எல்லை.

மீதமுள்ள நான்கு டிகிரிக்குக் கூரையைத்தான் நாடவேண்டும். தகரக் கூரையின் மேல் தென்னங்கீற்று வேய்தல், வெள்ளை பூசுதல், மனையின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்தல், சுற்றிலும் தாழ்வாரம், மேற்கே மரநிழல் ஆகியவை மின்கட்டணம் கேட்காதவை. மனைக்கும் தளவாடங்களுக்கும் மானியம் தருவோர், கருவியின் ரசீதைப் பார்ப்பதற்குமுன் கூரையைப் பார்க்கவேண்டும். ஈர, உலர் குமிழ் வெப்பமானி ஒன்றையும் கட்டாயமாக்கலாம். அது இல்லாமல் ஏர்கூலரை ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஏரோட்டுவதே.

தோலுரிப்பின்போது ஏர்கூலருக்கு நீர் விடுவதை நிறுத்தவேண்டும். கூடு கட்டும் நாட்களில் 65 சதவீத ஈரப்பதமே போதும். விசிறி மட்டும் ஓடட்டும். ஈரத்தில் கட்டிய கூட்டில் நூல் எளிதில் பிரியாது. நூற்பவர் விலையைக் குறைப்பதும் அங்கேதான்.