கைக்குள் அடங்கும் மின்னல்

வானத்தில் மின்னலைக் கண்டு அஞ்சும் மனமே, அதன் சிறு குட்டியொன்றை மேசைமீது வளர்த்துப் பார்க்கவும் ஆசைப்படுகிறது. விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு இவ்வாசை எழுவது இயல்பு. அதனைக் கடிந்து அடக்குவதாற் பயனில்லை. அடக்கப்பட்ட ஆசை, பெற்றோர் உறங்கிய பின்னர் பின்னறையிலே தனியே நிறைவேற்றப்படும். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆகவே, உயர் அழுத்த மின்சாரத்தை வீட்டிலே பரிசோதித்தல் தகுமா, தகுமெனின் எதனை, எவ்வாறு, எந்த எல்லைவரை என்பதை இவ்வாரம் மாணவரும் பெற்றோரும் ஒருங்கிருந்து ஆராய்வோமாக.

வோல்ற்று மட்டும் கொல்வதில்லை

உலர்ந்த நாளிலே நைலோன் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறப்பதைப் பலரும் கண்டிருப்பர். காற்றில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ற்று அழுத்தம் வேண்டும். அவ்வாறாயின், மூன்று மில்லிமீற்றர் பொறி பாய்ந்த சட்டையில் ஒன்பதாயிரம் வோல்ற்று இருந்தது என்பது பொருள். ஆயினும் சட்டையைக் கழற்றியதால் எவரும் மாண்டதில்லை. நம் வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரமோ 230 வோல்ற்றுத்தான். அது உயிரைக் கவர்ந்த செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கின்றோம். இம்முரண்பாட்டின் விடையை அறியாதவர் உயர் அழுத்தக் கருவி எதனையும் தொடலாகாது.

விடை இதுதான். உடலுக்குத் தீங்கு செய்வது அதனூடாகப் பாயும் மின்னோட்டமும், அது பாயும் கால அளவும் ஆகும். வீட்டு மின்சாரத்தில் ஒரு மில்லி அம்பியர் அளவு ஓட்டத்தை நாம் உணர்வோம். பத்து மில்லி அம்பியரை அண்மிக்கும்போது தசைகள் இறுகிப் பிடித்த கம்பியை விட இயலாது போகலாம். ஐம்பது, நூறு மில்லி அம்பியர் நெஞ்சினூடாகப் பாய்ந்தால் இதயம் ஒழுங்கான துடிப்பை இழந்து வெறுமனே நடுங்கத் தொடங்கும். சில நிமிடங்களில் உயிர் பிரியும். சட்டையின் பொறியில் அழுத்தம் மிகுதி. ஆனால் அதன் பின்னால் நிற்கும் மின்னேற்றமோ அற்பம். அது கணத்தின் சிறு பின்னத்திலேயே தீர்ந்து விடுகிறது. சுவர் மின்சாரத்தின் பின்னால் நிற்பதோ ஒரு மின்நிலையம், அது தீராது.

சாடி கற்பித்த பாடம்

மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கலாம் என்று உலகம் அறிந்தது 1745ஆம், 1746ஆம் ஆண்டுகளிலேயே ஆகும். செருமனியில் வொன் கிளைஸ்ற் என்பவரும், ஒல்லாந்தின் இலெய்டன் நகரில் பேராசிரியர் முசன்புரூக்கும் தனித்தனியே இதனைக் கண்டனர். உள்ளும் புறமும் கடத்தி, நடுவே கண்ணாடி. இதுவே இலெய்டன் சாடி. அதன் தாக்கத்தை ஒருமுறை பெற்ற முசன்புரூக், பிரான்சு இராச்சியத்தையே கொடுத்தாலும் மறுமுறை பெற ஒருப்படேன் என்ற கருத்துப்பட எழுதினார். ஆயினும் பிரான்சிலே அது வேடிக்கையாயிற்று. அபே நொலே என்பவர் மன்னர் முன்னிலையில் 180 காவல் வீரரைக் கைகோத்து நிற்கச் செய்து, ஒரு சாடியின் மின்னை அவர்களூடாகப் பாய்ச்ச, அனைவரும் ஒருங்கே துள்ளினர்.

வேடிக்கை எவ்வளவு விரைவில் வினையாகும் என்பதற்குப் பெஞ்சமின் பிராங்கிளினே சாட்சி. 1750 டிசம்பரில் அவர் இரண்டு பெரிய சாடிகளின் மின்னாலே வான்கோழியொன்றைக் கொல்ல முனைந்தார். சூழ நின்றோர் பேசிக்கொண்டிருந்தனர். ஒரு கை சாடிகளின் வெளிப்புறத்தோடு தொடர்புற்ற சங்கிலியைப் பற்றியிருக்க, மறு கையால் மேற்கம்பிகளைத் தொட்டுவிட்டார். மின் முழுவதும் அவர் உடலினூடாகப் பாய்ந்தது. அறிவு தடுமாறி மீண்ட அவர், தம் கவனக்குறைவுக்கு வெட்கி அதனை எழுதி வைத்தார். மூன்று ஆண்டுகளின் பின், 1753இல், புனித பீற்றர்ஸ்பேர்க் நகரில் இடி மின்னை அளக்க முயன்ற இறிச்மன் என்னும் அறிஞருக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. வீட்டிற்குள் கொணர்ந்த கம்பியிலிருந்து பாய்ந்த மின்னல் அவரை அங்கேயே மாய்த்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம்

பிராங்கிளினுக்கு இல்லாத வசதியொன்று இன்றைய மாணவருக்கு உண்டு. அது கணக்கு. கொள்ளளவியொன்றில் அடங்கிய சக்தியைப் பெற, அதன் கொள்ளளவத்தை அழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தல் வேண்டும். அழுத்தம் இருமடங்கானால் சக்தி நான்கு மடங்காகும் என்பதை மறவாதீர்.

சிறு பிளாஸ்டிக் மருந்துப் போத்தலொன்றை இலெய்டன் சாடியாக்கினால் அதன் கொள்ளளவம் ஏறத்தாழ 150 பிக்கோபரட்டு. பத்தாயிரம் வோல்ற்றுக்கு மின்னேற்றினால் 7.5 மில்லியூல். சுருக்கென்று குத்தும், அவ்வளவே. இனி, பழைய புகைப்படக் கருவியின் ஒளிவீச்சுப் பகுதியைப் பாருங்கள். அழுத்தம் 300 வோல்ற்றுத்தான். ஆனால் கொள்ளளவம் 120 மைக்குரோபரட்டு. சக்தி 5.4 யூல். மருந்துப் போத்தலைப்போல் எழுநூறு மடங்குக்கு மேல்! மைக்குரோவேவ் அடுப்பின் கொள்ளளவியோ ஒரு மைக்குரோபரட்டு அளவினது. 2,800 வோல்ற்றில் ஏறத்தாழ 4 யூல் கொள்ளும். இவை கையை எரிக்கவும், நெஞ்சினூடாகப் பாய்ந்தால் உயிருக்கு ஊறு செய்யவும் வல்லன. பத்தாயிரம் வோல்ற்றிலும் முந்நூறு வோல்ற்று கொடியதாகும் விந்தையை இக்கணக்கு விளக்குகிறது.

ஒருபோதும் தொடலாகாதவை

கைத்தொலைபேசியில் வரும் காணொளிகள் சில, பழைய மைக்குரோவேவ் அடுப்பின் நிலைமாற்றியைக் கழற்றி, அதன் மின்னாலே பலகையில் மரக்கிளை போன்ற கோலங்களை எரித்துக் காட்டுகின்றன. காண்பதற்கு அழகுதான். ஆனால் அந்நிலைமாற்றி ஏறத்தாழ 2,000 வோல்ற்றை, நூற்றுக்கணக்கான மில்லி அம்பியர் ஓட்டத்துடன், சுவர் மின்சாரம் உள்ளவரை இடையறாது தரும். அதனைத் தொட்டவர் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இவ்வேலையிலே பலர் உயிரிழந்தமையால், அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதனை அடியோடு தடை செய்துள்ளது.

“வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே” என்று சிலர் எண்ணுவர். அச்சாதனம், வீட்டிற்குள் வரும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் சமமாக உள்ளனவா என்பதையே கவனிக்கிறது. 30 மில்லி அம்பியர் அளவு வேறுபாடு தோன்றினால் இணைப்பைத் துண்டிக்கும். நிலைமாற்றியின் மறுபுறச் சுருளில் அகப்பட்டவனுடைய உடலினூடாகப் பாயும் ஓட்டமோ அச்சுருளுக்கே திரும்பி விடுகிறது. முதற் சுருளில் வேறுபாடு தோன்றாது. ட்ரிப் சுவிட்ச் அசையாது. அது நம்மைக் காக்கும் காவலன்தான். ஆனால் இந்த வாசலில் அதற்குக் காவல் இல்லை.

ஆகவே மாணவர்க்கு உரிய விதி ஒன்று: சுவர் மின்சாரத்தோடு தொடர்புள்ள எந்த உயர் அழுத்தக் கருவியும் வீட்டிற் செய்யத் தக்கதன்று. மைக்குரோவேவ் அடுப்பு, பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி, புகைப்பட ஒளிவீச்சு ஆகிய மூன்றையும் திறக்கவே வேண்டாம். நிக்கோலா தெஸ்லா 1891இல் ஆக்கிய சுருள் போன்றவற்றை ஆசிரியரின் மேற்பார்வையில் ஆய்வுகூடத்திற் காணலாம். உயர் அதிர்வெண் ஓட்டம் தோலின்மேல் வழுக்கிச் செல்லும், தீங்கு செய்யாது என்று கூறுவாரை நம்பற்க. அது வலியை உணர்த்தாமலே தசையைச் சுடக் கூடியது.

செய்து பார்க்கத் தக்கது

இனி, ஆசைக்கு ஒரு நல்ல வழி. வொல்ற்றா என்னும் இத்தாலிய அறிஞர் 1775இல் புகழ்பெறச் செய்த இலெக்ரோபோரசு என்னும் கருவியை ஒரு மாலைப்பொழுதில் அமைக்கலாம். செலவும் சொற்பம்.

தட்டையான ரெஜிபோம் பலகையொன்றை மேசைமீது வையுங்கள். கேக் வேகவைக்கும் மெல்லிய அலுமினியத் தட்டொன்றை எடுத்து, அதன் நடுவே உலர்ந்த ரெஜிபோம் கிண்ணமொன்றைக் கைபிடியாக ஒட்டுங்கள். பலகையைக் கம்பளித் துணியால் ஒரு நிமிடம் நன்கு தேயுங்கள். கைபிடியைப் பற்றித் தட்டைப் பலகைமீது வைத்து, தட்டின் விளிம்பை மறு கையின் விரலால் ஒருமுறை தொடுங்கள். சிறு பொறி கேட்கும். விரலை எடுத்தபின், கைபிடியால் தட்டைத் தூக்கி மீண்டும் விரலை அணுகச் செய்யுங்கள். இம்முறை இன்னும் நல்ல பொறி பாயும்.

நிகழ்ந்தது என்ன? தேய்த்த பலகை எதிர் மின்னேற்றம் பெற்றது. அது தட்டிலுள்ள இலத்திரன்களை விலக்க, அவை விரல் வழியே நிலத்திற்குச் சென்றன. தட்டு நேர் மின்னேற்றத்துடன் எஞ்சியது. தட்டைத் தூக்குந்தோறும் அழுத்தம் உயர்கிறது. பலகையை மீண்டும் தேய்க்காமலே பல தடவை இவ்வாறு செய்யலாம். அங்ஙனமாயின் இச்சக்தி எங்கிருந்து வந்தது? பலகையின் கவர்ச்சியை எதிர்த்துத் தட்டைத் தூக்கிய உங்கள் கையே அச்சக்தியைக் கொடுத்தது. இருபது சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டில் பத்தாயிரம் வோல்ற்று இருந்தாலும் அதன் சக்தி ஒரு மில்லியூலுக்கும் குறைவே.

சிறு நியோன் விளக்கொன்றின் ஒரு காலை விரலாற் பற்றி மறு காலைத் தட்டிற்கு அருகே கொணர்ந்தால் அது பளிச்சிடும். எதிர் மின்வாயைச் சுற்றியே ஒளி தோன்றும் ஆதலால், இருட்டறையில் உற்றுநோக்கின் மின்னேற்றத்தின் குறியையும் அறியலாம். மழைநாளில் இப்பரிசோதனை சோர்ந்து போகும். ஈரப்பதனால் பலகையின் மேற்பரப்பில் மின்னேற்றம் கசிந்துவிடும். வெயில் காயும் உலர்ந்த நண்பகலைத் தேர்ந்தெடுங்கள்.

மருந்துப் போத்தற் சாடியொன்றையும் இதனால் மின்னேற்றலாம். ஆனால் ஒரு சாடியோடு நிறுத்துக. பல சாடிகளை ஒன்றிணைத்தலும், பெரிய போத்தல்களை நாடுதலும் பிராங்கிளினின் வழியாகும்.

ஒழுக்கங்கள் சில

தனியே ஒருபோதும் பரிசோதியாதீர். சாடியைக் கையாளும்போது ஒரு கையை முதுகின் பின்னால் வையுங்கள். மின் நெஞ்சினூடாகக் குறுக்கே பாய வழி இராது. பேச்சும் சிரிப்பும் பிறகு ஆகட்டும். பரிசோதனை முடிந்ததும் காவலிப் பிடியுள்ள கம்பியால் சாடியின் உள்ளையும் புறத்தையும் இணைத்து மின்னிறக்குக. சிறிது நேரங்கழித்து மீண்டும் ஒருமுறை இணைக்குக. மின்னிறக்கிய கொள்ளளவியில் அழுத்தம் தானே ஓரளவு மீள எழும் இயல்புண்டு. பெற்றோல், மண்ணெண்ணெய், சமையல் வாயு அருகே இருத்தலாகாது. இதயத்துக்குத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்டோர் அவ்விடத்தில் நிற்றலாகாது. இடி முழங்கும் நாளில் கம்பி, பட்டம், அன்ரெனா எதனோடும் விளையாடற்க.

பெற்றோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. வீட்டு மின்சாரத்தில் ஒருவர் அகப்பட்டால் அவரைத் தொடாதீர். முதலிற் பிரதான ஆளியை நிறுத்துங்கள். பின்னர் 1990 என்ற இலக்கத்துக்கு அம்புலன்ஸ் கோருங்கள். மூச்சும் உணர்வும் இல்லையெனின் உதவி வரும்வரை நெஞ்சின் நடுவே விடாது அழுத்துங்கள். இப்பயிற்சியை வீட்டில் ஒருவரேனும் முன்கூட்டியே பெற்றிருத்தல் நன்று.

மாணவர்களே! துணிவு என்பது ஆபத்தை அளந்தறிந்து அதன் எல்லையில் நிற்பது. எந்தக் கருவியையும் தொடுமுன், “இதன் பின்னால் எத்தனை யூல் நிற்கிறது?” என்று தாளில் எழுதிக் கணக்கிடுங்கள். விடை மில்லியூலிலே வந்தால் ஆசிரியரிடமோ தந்தையிடமோ தாயிடமோ காட்டிவிட்டுத் தொடங்குங்கள். யூலிலே வந்தால், அல்லது கணக்கிட இயலாவிட்டால், கருவியை மூடிவிட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள்.