மலைக்குப் போற சைக்கிளா? முதல்ல பிரேக்கைப் பாருங்க!

சென்னை ரத்தன் பஜார் சைக்கிள் கடைகளில் அடிக்கடி பார்க்கலாம் இந்தக் காட்சியை. கல்லூரி வாலிபர் ஒருவர் நிற்பார். கூடவே அப்பா.

வாலிபர் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை கியர்?"

அடுத்தது: "ஷாக் அப்சர்பர் முன்னாடி மட்டும்தானா? பின்னாடியும் உண்டா?"

அப்பா கேட்பது ஒன்றே ஒன்று: "கடைசி விலை என்ன?"

பிரேக்கைப் பற்றி இருவருமே மூச்சு விடுவதில்லை!

வாங்குவது தடித்த டயர் போட்ட மலை சைக்கிள். பலர் அதை ஆபீசுக்கும் டியூஷனுக்கும் ஓட்டுவதோடு சரி. அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. வண்டி வாங்கிய மறுவாரமே நண்பர்களோடு ஏலகிரிக்குக் கிளம்பும் கோஷ்டிதான் கவலை தருகிறது.

ஏலகிரி மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு 14. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முடியாவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். இறங்கும்போதுதான் எமன் காத்திருக்கிறான். வளைவைத் திரும்பினால் எதிரே பஸ்!

புகைந்த பிரேக்

இந்த விளையாட்டு வளர்ந்த கதையே பிரேக் கதைதான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், மாரின் என்ற மாவட்டம். 1976-ல் அங்கே சில வாலிபர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலை மண் பாதையில் உருட்டிப் பந்தயம் விட்டார்கள். சுமார் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் எரிந்து புகை வரும். திரும்ப கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. திரும்ப அடைப்பது என்று அர்த்தம்.

இருபதே வருஷத்தில், 1996-ல், அது ஒலிம்பிக் போட்டியானது. 2023-ல் ஆசியப் போட்டியே நம் பக்கத்துக் கேரளத்தில், பொன்முடியில் நடந்தது. பார்த்த பையன்களுக்கு ஆசை வராமல் இருக்குமா? ஆசை தப்பில்லை. அவசரம்தான் தப்பு.

புது சைக்கிளில் பிரேக் கேபிள் சில வாரத்தில் தொய்ந்து போகும். மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். அந்தச் சில வாரத்துக்குள்தான் நம்மாள் மலைக்குப் போகிறார்!

எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அதிகமாகப் பிடிப்பது முன் பிரேக்தான். ஆனால் இறக்கத்தில் அதை 'லபக்'கென்று அமுக்கினால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார். இரண்டையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மலை முழுக்கப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் சூடேறி, பிடிப்பு போய்விடும்.

மண் பாதை என்றால் சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பெடலையும் சமமாக வைத்து எழுந்து நின்று, உடம்பைப் பின்னால் தள்ள வேண்டும். கண் பாதையில் இருக்கட்டும். கல்லையே பார்த்தால் வண்டியும் கல்லுக்கே போகும்.

பின் ஷாக் எதற்கு?

பத்து, பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைக்கிற வண்டியில் பின் ஷாக் இருந்தால் அது அலங்காரம். எடை கூடும். மிதிக்கிற மிதியில் கொஞ்சத்தை ஸ்பிரிங்கே சாப்பிட்டுவிடும். புதிதாகப் பழகுகிறவருக்கு முன் ஷாக் போதும். அந்தக் காசில் நல்ல ஹெல்மெட் வாங்கலாம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி மாட்டக் கூடாது.

அளவும் முக்கியம். தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். "வளர்ற பிள்ளைதானே" என்று பெரிதாக வாங்கித் தரும் அப்பாக்கள் கவனிக்க!

பஞ்சர் கடையில் டயரைக் கல் மாதிரி ஆக்கித்தான் அனுப்புவார்கள். தார் ரோட்டுக்குச் சரி. மண்ணில் அது துள்ளும், வழுக்கும். எவ்வளவு காற்று என்பது டயர் ஓரத்திலேயே அச்சடித்திருக்கிறது.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்தால் குற்றம். "சைக்கிள்தானே சார்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. யானைக்கும் அது புரியாது.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பில் போடும் முன் பத்து நிமிஷம் ஒதுக்கி, வாங்குகிறவரை ஏற்றி உட்கார வைத்து, பிரேக் பிடிக்கக் காட்டித் தரலாம். ஒரு மாதம் கழித்து வந்தால் கேபிளை இலவசமாக இழுத்துக் கட்டித் தரலாம். இலவச வாட்டர் பாட்டிலை விட இது மேல்.

மாநகராட்சியும் மனசு வைக்கலாம். பழகிப் பார்க்க மண் மேடு உள்ள இடம் நகருக்குள் எங்கே இருக்கிறது? ஏதாவது ஒரு விளையாட்டுத் திடலின் மூலையை, காலையில் இரண்டு மணி நேரம் விட்டுக் கொடுக்கட்டும். இரண்டு லாரி மண் கொட்டினால் போதும்.